ஒருவருக்கு ஒரு தாய் மட்டும்

ஸ்ட்ரெச்சரின் முன் சக்கரங்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலைத் தாண்டிவிட்டன. பின் சக்கரங்கள் தாண்டுவதற்குள் முஸ்கான் ஓடி வந்து கையைக் குறுக்கே நீட்டினாள்.

"உள்ள கொண்டு போகாதீக. அப்ரூவலை ரத்து பண்ணிட்டாக."

தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் குலுங்கியது. அதில் படுத்திருந்த சிகப்பி ஆச்சி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். முந்தின நாள் சாக்கோட்டைச் சாலையில், இளைய மகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவரை ஒரு வேகத்தடை தூக்கிப் போட்டதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்றைக்கே கம்பி வைத்தால் எழுந்து நடப்பார், தள்ளிப்போட்டால் மிச்ச காலம் கட்டிலில்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தவன் மூத்த மகன் வைரவன். புதுவயலில் ஒரு அரிசி மில்லுக்கு மேனேஜர். லாரி டிரைவர்களையும் தவிட்டு வியாபாரிகளையும் ஒரே பார்வையில் அடக்குகிறவன். முஸ்கான் நீட்டிய போனை அதே பார்வையோடு படித்தான்.

திரையில் 'குளிர்நிழல் ஹெல்த் இன்ஷூரன்ஸ்' நிறுவனத்தின் செய்தி. குடை பிடித்தபடி சிரிக்கும் ஒரு பொம்மை. அதன் கீழே இரண்டு வாக்கியங்கள்.

'நோயாளி பாலிசிதாரரின் தாய் அல்ல. அவர் விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்.'

"இவுக என்னயப் பெத்தவுக," என்றான் வைரவன்.

"தெரியுதுண்ணே. மூக்கு ஒன்னு போதும், அச்செடுத்த மாதிரி இருக்கு. கம்பெனிக்காரக மூக்கைப் பாக்க மாட்டேங்கிறாகளே."

முஸ்கான் அந்த மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுன்டரில் உட்காருகிறவள். நாள் முழுக்க நோயாளிகளுக்காகக் கம்பெனிகளிடம் மன்றாடுவதே அவள் வேலை. விரலால் திரையை மேலே தள்ளினாள். ரத்துக்கான காரணம் பொடி எழுத்தில் வந்தது.

'பாலிசிதாரர் பல ஆண்டுகளுக்கு முன்பே உமையாள் என்பவருக்குச் சுவீகாரம் சென்றுவிட்டார். நம்பகமான தகவல்.'

தகவல் பொய்யாக இருந்திருந்தால் வைரவன் சண்டை போட்டிருப்பான். அது உண்மை.

யார் சொன்னது?

அவர்கள் சமூகத்தில் இது சாதாரண விஷயம். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து வளர்ந்த பையன் ஒருவனைக் கூட்டிக்கொள்வார்கள். கைக்குழந்தையைக் கூட்டுவதில்லை. படித்து முடித்து, கல்யாணத்துக்குத் தயாராக நிற்கிறவனைத்தான் கூட்டுவார்கள். மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு நடக்கும். இளையாத்தங்குடிக் கோயில் கணக்கில் அவன் புது வீட்டின் புள்ளியாக, அதாவது அந்த வீட்டு ஆளாக, பதிவாகிவிடுவான். வைரவன் இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் உமையாள் ஆச்சி வீட்டுக்குப் போனான். போனான் என்றால், தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனான். அவ்வளவுதான். அன்றிலிருந்து காலைக் காபி உமையாள் ஆத்தாவிடம், சாயங்காலக் காபி சிகப்பி ஆத்தாவிடம். இரண்டு பேரையும் ஆத்தா என்றுதான் கூப்பிட்டான். யார் எந்த ஆத்தா என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. பத்திரம் பதிவு எதுவும் கிடையாது. தெரியவேண்டியவர்களுக்கெல்லாம் தெரியும், அதற்குமேல் எதற்குப் பத்திரம்?

ஆக, வெளியே சொல்லியிருக்கக்கூடியது தெரிந்தவர்களில் ஒருவர். அதிலும் அந்தக் கம்பெனியோடு பேச்சுவார்த்தை உள்ள ஒருவர்.

வைரவன் மெதுவாகத் திரும்பினான்.

வராந்தாவின் கோடியில், முழங்கையில் கட்டோடு தம்பி சரவணக்குமார் நின்றிருந்தான். ஸ்கூட்டர் ஓட்டியவன். அதைவிட முக்கியமாக, குளிர்நிழல் கம்பெனியின் ஏஜென்ட். இரண்டு ஆத்தாக்களுக்கும் பாலிசி போட்டுக் கொடுத்தவனே அவன்தான். ஒரு பாலிசியில் ஒரு தாயை மட்டுமே கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஆளுக்கு ஒரு பாலிசி, இரண்டிலும் உறவு 'தாய்' என்று அவனே தட்டச்சு செய்தான். பிரீமியம் இரண்டுக்கும் வைரவனுடையது.

"நீதானே போட்டுக் குடுத்தே?"

"சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலண்ணே."

சத்தியம் செய்தவனின் கண் தரையில் இருந்தது. வைரவன் அதைக் குறித்துக்கொண்டான். இப்போது விசாரிக்க நேரமில்லை. தியேட்டர் மத்தியானம் வரைக்கும்தான் காலியாக இருக்கும் என்று முஸ்கான் சொல்லியிருந்தாள். ஸ்ட்ரெச்சரை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு அவன் படியிறங்கி ஓடினான்.

*

குளிர்நிழலின் கிளை அலுவலகத்தில் ஏசி நன்றாக வேலை செய்தது. சுவரில் இருந்த டிவியில் ஒரு கிழவிக்கு ஓர் இளைஞன் குடை பிடிக்க, 'உங்கள் அம்மா, எங்களுக்கும் அம்மா' என்று ஒரு பெண் உருகிக்கொண்டிருந்தாள். உமையாள் ஆச்சி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வைரவன் வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காரில் ஏறிக்கொண்டவர் அவர். எழுபத்திரண்டு வயது, கையில் பிளாஸ்க், நடையில் தள்ளாட்டமே கிடையாது.

எதிரே அதிகாரி கோபிநாத். மேஜைமேல் பெயர்ப்பலகை. அதில் பெயருக்குக் கீழே 'மண்டல உறவு நிர்ணய அதிகாரி' என்று இருந்தது. அப்படி ஒரு பதவி உலகத்தில் இருப்பதே வைரவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கோபிநாத் கோபப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. இரண்டு கையையும் கோத்துக்கொண்டு விளக்கினார். சுவீகாரம் போனவனுக்குப் பெற்ற வீட்டோடு சட்ட உறவு அறுந்துவிடுகிறது. ஆகவே சிகப்பி அம்மாள் வைரவனுக்குத் தூரத்துச் சொந்தம். தூரத்துச் சொந்தத்துக்குப் பாலிசி கிடையாது. அதைத் தாய் என்று எழுதியது முக்கிய உண்மையை மறைத்தது ஆகும். ஆகவே பாலிசி ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பிரீமியமும் திரும்பி வராது.

"இந்தத் தகவல் உங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்று வைரவன் கேட்டான்.

சித்திரையிலேயே வந்துவிட்டது என்றார் கோபிநாத், கொஞ்சம் பெருமையோடு.

"ஆனியில பிரீமியம் வாங்குனீகளே."

"வாங்கினது விற்பனைப் பிரிவு சார். உண்மை தெரிஞ்சது சரிபார்ப்புப் பிரிவுக்கு. ஒரு பிரிவுக்குத் தெரிஞ்சதை இன்னொரு பிரிவுகிட்ட சொல்றது வாடிக்கையாளரோட தனியுரிமைக்கு எதிரானது. உங்க ரகசியத்தை நாங்க எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தோம்னு பாருங்க."

வைரவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். வருமான வரிக் கணக்கில் காட்டுவதற்காக இதே கம்பெனி வருஷா வருஷம் தருகிற 80டி சான்றிதழ். பிரீமியம் கட்டியதற்கான வரிச் சலுகைக்கு அதுதான் அத்தாட்சி. அதில் 'சிகப்பி, உறவு: தாய்' என்று குடை பொம்மைக்குக் கீழேயே அச்சாகியிருந்தது.

கோபிநாத் அதைப் பாசத்தோடு தடவிப் பார்த்தார். இந்தச் சான்றிதழ் முழுக்கச் செல்லும் என்றார்.

"அப்ப இதுல தாய்னா, அங்க மட்டும் எப்படித் தாய் இல்லாமப் போகும்?"

"இது வரிக்கான தாய் சார். நீங்க கேக்கறது கிளெய்முக்கான தாய். ரெண்டும் வேற வேற சாஃப்ட்வேர்."

பிறகு அவர் எதிர்பாராமல் உமையாள் ஆச்சி பக்கம் திரும்பி, முகம் மலர்ந்து, மேடத்துடைய பாலிசி மிகச் சிறப்பாக உயிரோடு இருக்கிறது என்றும், மேடத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தால் ஒரு பைசா குறையாமல் கம்பெனி ஏற்கும் என்றும் தெரிவித்தார்.

உமையாள் ஆச்சி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏன் தம்பி, இங்குட்டுப் படியிலயே விழுந்துரவா, இல்ல ஆசுபத்திரிக்குப் போயி விழணுமா?"

வேண்டுமென்றே விழுந்தால் கிடைக்காது மேடம் என்று கோபிநாத் வருத்தத்தோடு சொன்னார்.

வைரவன் எழுந்து நின்றுவிட்டான். தகவல் சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன் என்றான். கோபிநாத் தலையசைத்தார். அது ரகசியம். ஆனால் சந்தேகமே வேண்டாம், இதைவிட நம்பகமான இடத்திலிருந்து ஒரு தகவல் வந்ததே இல்லை. கம்பெனி சும்மா சந்தேகப்படுகிற கம்பெனி கிடையாது. மனித நேயம் உள்ள கம்பெனி. ஒவ்வொரு மூத்த குடிமகனுக்கும் வருஷம் ஒருமுறை 'அன்பு அழைப்பு' என்று போன் போட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற கம்பெனி இந்தியாவிலேயே...

அந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரே ஒரு வழி இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் சிகப்பி அம்மாளைத் தாய் என்று வரி அலுவலகம் ஏற்றுக்கொண்டுவிட்டதாக ஒரு வார்த்தை வந்தால், அரசாங்கமே ஏற்ற தாயைக் கம்பெனி மறுக்காது.

வைரவனுக்கு மூச்சு வந்தது. வரி அலுவலகத்திலிருந்து அவனுக்கு ஏற்கனவே ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. 'பெற்றோர் தொடர்பான கோரிக்கையில் முரண்பாடு' என்று மொட்டையாக. வீடியோவில் விசாரணை. நாள், இன்றைக்கு. நேரம், இன்னும் சற்று நேரத்தில்.

*

மருத்துவமனையின் மாடிப்படியில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் வளைவில் வைரவன் உட்கார்ந்தான். பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாமல் ஆடிட்டர் குழந்தைவேலு. வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர் அவர்தான்.

இந்தச் சங்கடமே வேண்டாம் என்றுதான் புது வரி முறைக்குப் போகச் சொன்னேன் என்று குழந்தைவேலு மூச்சு வாங்கப் புலம்பினார்.

"புது முறையில வரி கம்மி. ஆனா அதுல ஆத்தா, அப்பச்சி, பொண்டாட்டி, பிள்ளை யாரும் கிடையாது. நீங்க தனி ஆளு. குடும்பம் வேணும்னா பழைய முறைதான். குடும்பம் வேணும்னு நீங்கதானே கேட்டீக?"

திரை விழித்தது. எதிர்ப்பக்கம் கறுப்பாக இருந்தது. அந்த அலுவலகத்துக்கு முகம் கிடையாது. ஊரும் கிடையாது. எந்த அதிகாரி எங்கேயிருந்து விசாரிக்கிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது அங்கே ஒழுங்கு. கறுப்புக்குள்ளிருந்து ஒரு குரல், கேமராவில் முகத்தை நன்றாகக் காட்டும்படி வைரவனுக்கு உத்தரவிட்டது.

"தாங்கள் பெற்றோர் என்ற இடத்தில் இரு பெண்மணிகளைக் காட்டியுள்ளீர்கள்."

"ரெண்டு பேரும் ஆத்தாதான் சார்."

"பெற்றோர் என்றால் தந்தை ஒன்று, தாய் ஒன்று. தங்கள் கணக்கில் தந்தை இல்லை, தாய் இரண்டு. கூட்டுத்தொகை சரியாக வந்ததால் கணினி முதல் முறை விட்டுவிட்டது. அந்தக் கணினி மாற்றப்பட்டுவிட்டது."

வைரவன் சுவீகாரத்தை விளக்கினான். குரல் பொறுமையாகக் கேட்டது. எந்த வயதில் போனீர்கள் என்றது. இருபத்திரண்டு என்றான்.

"பதினைந்து வயதுக்குள் போகவேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே உமையாள் தங்கள் தாய் அல்ல."

பக்கத்தில் குழந்தைவேலு வேகமாகக் கையை ஆட்டினார். அதைப் புரிந்துகொண்டு, சமூக வழக்கம் இருந்தால் வயது தடையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றான் வைரவன்.

குரல் அரை நிமிடம் யோசித்தது.

"ஏற்கப்படுகிறது. சுவீகாரம் செல்லும். ஆகவே சிகப்பி தங்கள் தாய் அல்ல."

குழந்தைவேலு கையைக் கீழே போட்டார்.

"சார், அவுக இப்ப ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல கெடக்காக. நீங்க தாய்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் உள்ள விடுவாக."

"இந்த அலுவலகம் உணர்ச்சிகளுக்கு எதிரானது அல்ல. விருப்பத்தேர்வும் தருகிறோம். சுவீகாரம் செல்லும் என்றால் ஒரு தாய் போய்விடுவார். செல்லாது என்றால் இன்னொரு தாய் போய்விடுவார். எவர் போவது தங்களுக்கு வசதி?"

பதிலுக்குக் காத்திராமல் குரல் அடுத்த குண்டைப் போட்டது.

"மேலும், சிகப்பி என்பவரைத் தாயாகக் காட்டி, இதே பாலிசி எண்ணுக்கு, இதே பிரீமியத்துக்கு, சரவணக்குமார் என்பவரும் வரிச் சலுகை கோரியுள்ளார். பிரீமியம் செலுத்திய கார்டும் அவருடையது. அவருக்கும் நோட்டீஸ் அனுப்பப்பட்டுள்ளது. ஒரு தாயை இருவர் கழிக்க இயலாது."

வருஷா வருஷம் தம்பி போனுக்குப் பணத்தை அனுப்பி, 'கட்டிருப்பா' என்று சொன்னது வைரவனுக்கு ஞாபகம் வந்தது. தம்பி கட்டினான். தன் கார்டில் கட்டினான். கட்டிவிட்டு, தன் கணக்கிலும் காட்டிக்கொண்டான்.

திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றின. 'ஒப்புக்கொள்கிறேன்.' 'மறுக்கிறேன்.'

குரல் விளக்கியது. சிகப்பி தன் தாய் அல்ல என்று ஒப்புக்கொண்டால் விவகாரம் இந்த நிமிடமே முடிந்துவிடும், சிறு தொகையைக் கட்டினால் போதும். மறுத்தால் தவறான தாயைக் காட்டியதற்கான அபராத நடவடிக்கை தொடங்கும். அது பெரிய நடவடிக்கை.

ஒப்புக்கொள்ளச் சொல்லிக் குழந்தைவேலு இரண்டு கையாலும் கும்பிட்டார். வெறும் பொத்தான்தானே, அமுக்கிவிட்டால் ஆத்தா என்ன ஆத்தா இல்லாமலா போய்விடுவார் என்று அவர் முகமெல்லாம் கெஞ்சியது.

படிவளைவுக்குக் கீழே வராந்தா தெரிந்தது. ஓரமாகத் தள்ளி வைத்த ஸ்ட்ரெச்சரும், அதன் விளிம்பில் ஒரு மெலிந்த கையும் தெரிந்தன.

வைரவன் 'மறுக்கிறேன்' என்பதை அமுக்கினான். அமுக்கிய விரலை உடனே எடுக்கவில்லை.

தங்கள் மறுப்பு பதிவு செய்யப்பட்டது, இந்த விசாரணை அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றது திரை.

*

கோபிநாத் போனில் உடனே கிடைத்தார். செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார்.

மறுத்துவிட்டீர்கள் அல்லவா, அருமை, அப்படியானால் விவகாரம் இப்போது நிலுவையில் இருக்கிறது என்றார். நிலுவையில் உள்ள தாயைக் கம்பெனி ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மேல்முறையீடு எல்லாம் முடிந்து தீர்ப்பு வரும்வரை சிகப்பி அம்மாளை யாருக்கும் தாயாக இல்லாதவர் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். அதுவரை அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கம்பெனியின் வாழ்த்துகள்.

வைரவன் போனை அணைத்துவிட்டு முஸ்கானின் கவுன்டருக்குப் போனான். 'சொந்தச் செலவு' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டான். மில் முதலாளிக்கு ஒரு போன். தம்பி மாதிரி உன்னை நினைக்கிறேன், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறேன் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். மிச்சத்துக்கு உமையாள் ஆச்சி பேசாமல் தன் பேங்க் கார்டை எடுத்து முஸ்கான் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, ஒன்னு சொல்லவா," என்றாள் முஸ்கான். "இன்ஷூரன்ஸ் இல்லாத வயசானவுகளுக்குப் பிள்ளைக செய்யிற ஆசுபத்திரிச் செலவுக்கும் வரியில சலுகை உண்டுண்ணே. இங்க எல்லாரும் பில்லை அதுக்குத்தான் வாங்கிட்டுப் போவாக."

பின்னாலேயே வந்த குழந்தைவேலுவின் முகம் பிரகாசமானது. உண்மைதான், பாலிசி செல்லாது என்று கம்பெனியே சொல்லிவிட்டதால் ஆச்சி இப்போது இன்ஷூரன்ஸ் இல்லாத மூத்த குடிமகள், முழுச் செலவையும் காட்டலாம் என்று உற்சாகமாகக் கணக்குப் போட்டார். பாதியில் நின்றார்.

"ஆனா அவுக உங்க தாயா இருக்கணும்," என்றார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. இந்த முறை நான்கு சக்கரங்களும்.

காத்திருந்த நேரத்தில் வைரவன் தம்பியைத் தேடிப் போனான். மருந்துக்கடை நிழலில் நின்றிருந்தான் சரவணக்குமார். அண்ணன் நடந்து வந்த விதத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. தானே ஆரம்பித்தான். ஏஜென்ட் தொழிலில் அந்த வருஷம் வருமானம் கூடிவிட்டதாம். கணக்கு எழுதுகிறவன் ஏதாவது பிரீமியம் இருக்கிறதா என்று கேட்டானாம். கார்டில் இருந்தது, காட்டிவிட்டானாம். ஆத்தா தனக்கும் ஆத்தாதானே, பொய் இல்லையே என்று நினைத்தானாம்.

"நான் கட்டுன பணத்தை நீ கட்டுனதாக் காட்டுனே. மாட்டிக்கிட்டதும், நான் மகனே இல்லைன்னு கம்பெனிக்குச் சொல்லிக் கழட்டிவிட்டே."

"மொதல்ல சொன்னது நெசம்ணே. அதைச் செஞ்சேன். ஆனா சுவீகாரத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடல. என்னய நம்பு."

"இனி என் மூஞ்சியில முழிக்காத. எனக்குத் தம்பி கிடையாது. நீ சொன்ன மாதிரியே வெச்சுக்க, நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்ல."

சரவணக்குமார் கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வைரவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

*

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆடி முடிவதற்குள் நடக்க விடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மாலை வெயில் வார்டு ஜன்னல் வழியாகக் கட்டில் மீது விழுந்தபோது சிகப்பி ஆச்சி கண் திறந்தார். மயக்கம் தெளிந்திருந்தது. தண்ணீர் கேட்டார். வைரவன் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தான்.

தம்பி எங்கே என்று கேட்டார். வெளியே நிற்கிறான், உள்ளே விடமாட்டேன் என்றான் வைரவன். ஏன் என்றார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க விழுங்கியது எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. கோபிநாத், கறுப்புத் திரை, இரண்டு பொத்தான், தான் எதை அமுக்கினான், அதற்கு என்ன அபராதம் வரப்போகிறது, எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், பெற்ற தாய்க்கே தன்னைப் பிள்ளை இல்லை என்று ஆக்கிவிட்டுச் சொந்தத் தம்பி நிழலில் நிற்கிறான் என்றும் சொன்னான்.

சிகப்பி ஆச்சி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன வையாத," என்றார். "அவன் சொல்லல."

"பிறகு யாரு சொன்னது?"

"நாந்தேன்."

வைரவனின் கையில் இருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"சித்திரையில வரி ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் போட்டுச்சு. நல்ல பொண்ணு, சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. வைரவன் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு. எனக்கு ஒன்னும் வேணாம், அவன் பங்காளி வீட்டுப் பிள்ளை, உமையாளுக்கு விட்டாச்சு, எனக்கு மகன் சரவணக்குமார் ஒருத்தன்தேன்னு சொன்னேன்."

"அது வரி ஆபீஸ் இல்ல ஆத்தா. இன்ஷூரன்ஸ் கம்பெனி."

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லா ஆபீஸும் ஒரே மாதிரிதேன் பேசுறாக. அவனுக்கு நோட்டீஸ் வந்திருந்துச்சு. ஒரு ஆத்தாவ ரெண்டு பேரு எழுதக்கூடாதாம்ல. ரெண்டு நாளாச் சோறு எறங்கல அவனுக்கு."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"அவன் கேக்கவே இல்ல. கேக்கத் தெரியுமா அவனுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு நோயாளியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். சிகப்பி ஆச்சி முகத்தைத் திருப்பி, ஊசி குத்தியிருந்த கையை மெதுவாக நகர்த்தி, மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே சொன்னார்.

"உனக்குத்தேன் இன்னொரு ஆத்தா இருக்காளே. அவனுக்கு நான் ஒருத்திதானே."